திருச்சிராப்பள்ளியில் கணினித்தமிழ்ப் பயிற்சி: பட்டறையிலிருந்து பயிலரங்கு வரை

திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள், ஆய்வாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்குக் கணினித் திறன்களைக் கற்பிக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் நடைபெற்று வருகின்றன. இவை பயிலரங்கு, பயிலரங்கம், பயிற்சிப் பட்டறை எனப் பல பெயர்களில் அழைக்கப்படுகின்றன. தமிழில் தட்டச்சு செய்தல், பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதல், இணையத்தில் தேடுதல், விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுதல், திறந்த மூல மென்பொருள்களைக் கையாளுதல் ஆகியவை இவற்றில் கற்பிக்கப்படுகின்றன. பாடத்திட்டத்துக்கு வெளியே தோன்றிய இப்பயிற்சிகளின் வரலாறு, கணினிக்கு முற்பட்ட இந்நகரின் தொழிற்பயிற்சி மரபோடு தொடர்புடையது.

பட்டறைகளின் நகரம்

பட்டறை என்னும் சொல் தமிழில் முதலில் கொல்லனின் உலைக்களத்தையும், பின்னர் இயந்திரங்கள் பழுதுபார்க்கும் தொழிற்கூடத்தையும் குறித்தது. கற்பித்தலுக்கான ஒருநாள் கூட்டத்தைக் குறிக்க அச்சொல் வழங்கத் தொடங்கியது மிக அண்மைக்காலத்தில்தான். திருச்சிராப்பள்ளியில் இந்த இரண்டு பொருள்களுக்கும் வரலாறு உண்டு.

தென்னிந்திய இரயில்வே நிறுவனம் நாகப்பட்டினத்தில் இயங்கிவந்த தன் பட்டறையை 1926-28 காலத்தில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றியது. நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் வேலையை, தொழில் பழகுநராகச் சேர்ந்த இளைஞர்கள் மூத்த தொழிலாளர்களின் அருகில் நின்று கற்றனர். அதே ஆண்டுகளில் நிறுவனம் ஆட்குறைப்பில் இறங்கியது. தொழிலாளர்களுக்குத் திறன் தேர்வு வைத்து, தேறாதவர்களை வெளியேற்றும் திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1928ஆம் ஆண்டின் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தில் ம. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் முதலிய தலைவர்கள் சிறை சென்றனர். 'திறன்' என்பது வேலையைப் பெற்றுத்தரும் கருவியாகவும் வேலையைப் பறிக்கும் கருவியாகவும் இருக்கக்கூடும் என்பதை இந்நகரத் தொழிலாளர்கள் கணினிக் காலத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே உணர்ந்திருந்தனர்.

விடுதலைக்குப் பின் நகரின் கிழக்குப் பகுதியில் திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரம் தொழில் வளாகமாக வளர்ந்தது. பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை 1960களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கியது. கொதிகலன் செய்வதற்கு உருக்கிணைப்பு (வெல்டிங்) அடிப்படைத் தொழில். உயர் அழுத்த நீராவியைத் தாங்கவேண்டிய குழாயில் ஓர் இணைப்பு தவறினாலும் உயிருக்கு ஆபத்து. இதனால் அத்தொழிலுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் தேவைப்பட்டன. 1975இல் அவ்வளாகத்தில் உருக்கிணைப்பு ஆராய்ச்சி நிறுவனம் அமைக்கப்பட்டது. அரசு தொழிற்பயிற்சி நிலையமும் சுற்றுவட்டாரச் சிறு தொழிற்கூடங்களும் சேர்ந்து, திருச்சி வெல்டர் என்றால் வெளிநாடுகளிலும் வேலை கிடைக்கும் என்ற பெயரை உருவாக்கின. கருவியைக் கையில் கொடுத்து, செய்ய வைத்து, தவற்றைத் திருத்திக் கற்பிக்கும் முறை இங்கே வேரூன்றியது.

அச்சும் தட்டச்சும்

காவிரிக்கு வடக்கே உள்ள திருவரங்கம் கோயில் நகரமாக அறியப்பட்டாலும், அச்சுத் தொழிலிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. அங்கு இயங்கிய ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம் 1910இல் ஆதிசங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. இவ்வளவு பெரிய தொகுப்பை எழுத்துக்கோப்பு, மெய்ப்புத் திருத்தம் ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் இல்லாமல் வெளியிட்டிருக்க முடியாது.

அடுத்து வந்தது தட்டச்சு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் எல்லா நகரங்களிலும் தட்டச்சுப் பயிலகங்கள் பெருகின. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் அங்கு சென்று பழகி, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை எழுதினர். அரசு அலுவலக வேலைக்கு அது நுழைவாயிலாக இருந்தது. தமிழ் எழுத்துகளை இயந்திரத்தின் வழியாக எழுதும் பயிற்சி பெருந்திரளான மக்களுக்கு முதன்முதலில் கிடைத்தது இந்தப் பயிலகங்களில்தான். அங்கு பழகிய விசைப்பலகை ஒழுங்கு பின்னர் கணினிக்குள்ளும் நுழைந்தது.

கல்லூரிகளும் பல்கலைக்கழகமும்

1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. தேசியக் கல்லூரி 1919இலும், ஜமால் முகமது கல்லூரியும் சீதாலட்சுமி இராமசாமி கல்லூரியும் 1951இலும் தொடங்கப்பட்டன. காவிரிப் படுகையின் சிற்றூர்களிலிருந்து பேருந்திலும் இரயிலிலும் வந்து படிக்கும் மாணவர்கள் இக்கல்லூரிகளில் மிகுதி. அவர்களுள் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்.

1964இல் துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி நிறுவப்பட்டது. இதுவே 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்தது. 1980களின் நடுவிலேயே இங்கு கணினிப் பயன்பாட்டியலில் முதுநிலைப் பட்டப்படிப்பு இருந்தது. நாமக்கல் மாவட்டம் மோகனூரில் தமிழ்வழியில் பள்ளிக் கல்வி தொடங்கிய நடராஜன் சந்திரசேகரன் இங்கு அப்பட்டம் பெற்று, 1987இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தில் சேர்ந்து, 2017இல் டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் தலைவரானார்.

மண்டலப் பொறியியல் கல்லூரியின் முதல் முதல்வரான பி. எஸ். மணிசுந்தரம், 1982இல் தொடங்கப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். கவிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்தைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர் ஒரு பொறியாளர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, கரூர் முதலிய மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் இப்பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டப்படி இங்கு இயங்கிய கல்விப் பணியாளர் கல்லூரி, பணியிலுள்ள ஆசிரியர்களுக்குப் புத்தொளி, புத்தாக்கப் பயிற்சிகளை நடத்தியது. கணினியைப் பார்க்காமலே பட்டம் பெற்று ஆசிரியரான ஒரு தலைமுறைக்கு இத்தகைய பயிற்சிகள் முதல் அறிமுகமாக அமைந்தன.

திருவரங்கமும் சுஜாதாவும்

தமிழில் கணினியைப் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதியவர்களுள் முதன்மையானவர் சுஜாதா என்ற எஸ். ரங்கராஜன் (1935-2008). சென்னையில் பிறந்த அவர் திருவரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். அங்குள்ள ஆண்கள் உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் காவிரிப் பாலத்தைக் கடந்து தூய வளனார் கல்லூரியிலும் படித்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் கற்று, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் அவருக்குப் பங்குண்டு.

'கணிப்பொறியின் கதை', 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' ஆகிய நூல்களிலும் வார இதழ்க் கேள்வி-பதில்களிலும், இரும எண், நினைவகம், நிரல் போன்ற கருத்துகளை அவர் பேச்சுத் தமிழுக்கு நெருக்கமான நடையில் விளக்கினார். கணினி வாங்க வசதியில்லாத மாணவர்களும் அவற்றைப் படித்தனர். கணினியைத் தொடுவதற்கு முன்பே அதைப் பற்றித் தமிழில் படித்திருந்த ஒரு வாசகர் கூட்டம் இவ்வாறு உருவானது. தொழில்நுட்பத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற ஐயத்துக்கு அவருடைய எழுத்து நடைமுறை விடையாக இருந்தது. ஆனால், கணினியில் தமிழை எழுத முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆயின.

எழுத்துருச் சிக்கல்

1980களிலும் 1990களிலும் தனிமுயற்சிகளால் தமிழ் மென்பொருள்கள் உருவாயின. கனடாவில் சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்', சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' எழுத்துரு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. அச்சகங்களில் 'பாமினி' முதலிய எழுத்துருக்களும், தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் 'வானவில்' எழுத்துருவும் பரவின.

இவற்றின் அடிப்படை ஒன்றே. கணினி ஆங்கில எழுத்துகளுக்கென வைத்திருந்த எண்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்கள் பொருத்தப்பட்டன. திரையில் தமிழ் தெரியும். ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளின் வரிசைதான். எந்த எண்ணில் எந்தத் தமிழ் எழுத்து என்பதும் ஒவ்வோர் எழுத்துருவிலும் வேறுபட்டது. ஒரு கணினியில் தட்டச்சு செய்த கட்டுரையை, அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன.

இதனால் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் தமிழாய்வு மாணவர்கள். கையால் எழுதிய ஆய்வேட்டை அவர்கள் தட்டச்சு நிலையத்தில் கொடுப்பார்கள். அங்கே ஏதோ ஓர் எழுத்துருவில் அது உள்ளிடப்படும். ஒரு பிழையைத் திருத்தவும் மறுபடி அங்கேதான் செல்லவேண்டும். அச்சிட்டு, அட்டை கட்டி, பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த பின் கோப்பு பயனற்றுப் போகும். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டுமென விதித்தது. அவை 'சோத்கங்கா' தளத்தில் ஏற்றப்பட்டன. பழைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப் கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், அவற்றில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பல ஆண்டு உழைப்பில் எழுதிய ஓர் ஆய்வேடு எல்லோரும் அணுகக்கூடிய இடத்தில் இருந்தும் எவர் தேடலிலும் அகப்படாமல் போனது. பயிலரங்குகளின் தேவையை உணர்த்திய முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று.

தர நிர்ணயம்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் விளைவாக 'தமிழ் 99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துக் குடும்பங்கள் வலக்கைப் பக்கமும் உள்ளன. தமிழ் இலக்கணமே இதன் இயக்கத்துக்கு அடிப்படை. ஒரே மெய் இருமுறை வந்தால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். 'அம்மா' என எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். 'பந்து' என்பதில் 'ந'வை அடுத்து 'த' வரும்போதும் புள்ளி தானே அமையும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வருவது தமிழின் இயல்பு என்பது நிரலில் எழுதப்பட்டிருக்கிறது.

2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகிறது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் ஒருங்குறி முறையில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தது. விண்டோஸ் 2000 முதலிய இயங்குதளங்கள் அதை ஏற்றபின் பயன்பாடு விரிந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2010இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியை அரசுப் பயன்பாட்டுக்கான தரமாகத் தமிழ்நாடு அரசு ஏற்றது. அதே ஆண்டு கல்லூரி மாணவர்களுக்கென அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் இணைந்து ஒரு கட்டுரைப் போட்டியை நடத்தின.

பயிலரங்கின் நடைமுறை

தரம் வந்துவிட்டது, அது மாணவரின் விரல்களுக்கு வந்து சேர வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கல்லூரித் தமிழ்த் துறைகளும் கணினித் துறைகளும் சேர்ந்து நடத்திய பயிலரங்குகள் செய்தன. பெரும்பாலும் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் நிகழ்ச்சியாக, கல்லூரியின் கணினி ஆய்வகத்திலேயே இவை நடைபெறுகின்றன.

முதல் அமர்வில் விசைப்பலகை. 'எ-கலப்பை', 'அழகி', 'என்.எச்.எம். எழுதி' போன்ற கட்டணமற்ற மென்பொருள்களை நிறுவி, மாணவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதிப் பார்ப்பார்கள். அடுத்து எழுத்துரு மாற்றம். 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகளில் பழைய கோப்பின் ஒரு பத்தியை ஒட்டினால், அது ஒருங்குறித் தமிழாக வெளிவரும். தட்டச்சு நிலையத்தில் கிடந்த ஆய்வேடு தேடக்கூடிய உரையாக மாறுவதை ஆய்வாளர்கள் தம் கண்ணால் காணும் கட்டம் இது. பின்னர் மின்னூலகங்கள்: 1998 முதல் தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழக நூலகம் ஆகியவற்றில் நூல்களைத் தேடும் முறை. இறுதியில் வலைப்பூ தொடங்குதல் அல்லது விக்கிப்பீடியாவில் தம் ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுதுதல்.

சொற்பொழிவோடு முடியும் கருத்தரங்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. பயிலரங்கில் கலந்துகொண்டவர் அன்று மாலை ஏதேனும் ஒன்றைச் செய்து முடித்திருக்க வேண்டும். கொதிகலன் குழாயை இணைத்துக் காட்டிய பழகுநரைப் போல, இவரும் ஒரு பக்கத்தை எழுதிக் காட்ட வேண்டும். தமிழ்ப் பாடத்திட்டங்களில் 'இணையத்தமிழ்', 'கணினித்தமிழ்' என்னும் தாள்கள் இடம்பெற்றபின், பாடநூலில் படித்ததைச் செய்துபார்க்கும் இடமாகவும் பயிலரங்கு அமைந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் கல்லூரிகள்தோறும் அமைத்த கணித்தமிழ்ப் பேரவைகள் இம்முயற்சிகளுக்கு நிறுவன ஆதரவு அளித்தன.

அரசுத் திட்டங்களும் புதிய வளாகங்களும்

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதுவரை ஆய்வகத்தில் மட்டும் கணினியைத் தொட்ட மாணவர்களுள் பலருக்கு வீட்டிலும் பழகும் வாய்ப்பு கிடைத்தது. நவல்பட்டில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. திருவரங்கம் வட்டத்தில் கல்வி நிறுவனங்கள் அடுத்தடுத்து அமைந்தன. சேதுராப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரியும் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும், நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் கலை அறிவியல் கல்லூரியும் இயங்குகின்றன. தகவல் தொழில்நுட்பக் கழகம் 2013இல் தேசியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் தொடங்கிப் பின்னர் சேதுராப்பட்டிக்குச் சென்றது.

மும்பை ஐ.ஐ.டி.யின் 'பேசும் பாடங்கள்' திட்டம் லிப்ரே ஆஃபீஸ், லினக்ஸ், பைத்தான் போன்றவற்றைத் தமிழ் விளக்கக் குரலுடனும் கற்பிக்கிறது. என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்கள் இணையவழிச் சான்றிதழ்ப் படிப்புகளை வழங்குகின்றன. 2020இல் கொரோனாத் தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது பயிலரங்குகளும் இணையத்துக்கு மாறின. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிப் படிப்போடு இணைத்தது.

குறைகளும் விவாதங்களும்

ஒரு நாளில் கற்றது தொடர்ந்து பழகாவிட்டால் மறந்துபோகும். ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூவர் அமரும்போது, விசைப்பலகை ஏற்கெனவே பழகியவர் கைக்கே செல்கிறது; கற்க வந்தவர் பார்வையாளராகிறார். தரமதிப்பீட்டு அறிக்கைக்காகவும் பதவி உயர்வுக்கான சான்றிதழுக்காகவும் நடத்தப்படும் நிகழ்ச்சிகளில் பங்கேற்பாளர் எண்ணிக்கை மட்டுமே கணக்கில் வருகிறது. அடுத்த மாதம் எத்தனை பேர் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

விசைப்பலகை பற்றிய விவாதமும் முடியவில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் பழகியவர் பழைய ஒழுங்கை விடுவதில்லை. கைப்பேசியில் வளர்ந்த மாணவர் 'அம்மா'வை ஐந்து ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்து எழுதுகிறார். அது எளிது, உடனே கைவரும் என்பது ஒரு தரப்பு. தமிழை எழுத ஆங்கில எழுத்துக்கூட்டல் வழியாகச் சிந்திப்பது முறையல்ல, தமிழ் 99 விரைவானது என்பது மறுதரப்பு. குரல்வழி உள்ளீடு பரவிவரும் இன்று, தட்டச்சுப் பயிற்சியே தேவையா என்ற கேள்வியும் எழுந்துள்ளது. ஆயினும், குரல் உள்ளீடு செய்த ஒற்றுப்பிழையையும் ல, ள, ழ மயக்கத்தையும் திருத்துவதற்கு எழுதத் தெரிந்தவரே வேண்டும்.

மதிப்பீடு

இரயில் பட்டறை, தட்டச்சுப் பயிலகம், பொறியியல் கல்லூரி, பயிலரங்கு என இந்நகரில் திறன் கற்பிக்கும் இடங்கள் மாறிவந்துள்ளன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி எழுகிறது: புதிய கருவி வரும்போது அதைக் கற்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது? 1928இல் தொழிலாளர்கள் எதிர்த்தது, வேலையைப் பறிக்கும் திறன் தேர்வைத்தான். இன்று வேலைவாய்ப்பு நேர்காணலில் கணினித் திறனைச் சோதிப்பதும் ஒருவகைத் திறன் தேர்வே. அதற்கு முன்னதாகப் பயிற்சி கிடைத்திருந்தால்தான் அது நியாயமான தேர்வாகும்.

தமிழ்வழியில் படித்து வரும் மாணவருக்கு, தன் மொழியிலேயே கணினியைத் தொடத் தொடங்கலாம் என்பதைக் காட்டியதே இப்பயிலரங்குகளின் முதன்மையான பயன். ஆங்கிலம் வந்தபின்தான் கணினி என்ற வரிசையை அவை மாற்றின. இணையத்தில் இன்று கிடைக்கும் தமிழ்க் கட்டுரைகள், மின்னூல்கள், ஊர்ப் பெயர்ப் பதிவுகள் ஆகியவற்றில் பெயர் அறியாத கல்லூரி மாணவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. அவர்களுள் பலரின் முதல் தமிழ் வரி, ஏதோ ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பயிலரங்கின் முற்பகலில் தட்டச்சு செய்யப்பட்டது.